பெட்ரோமாக்ஸும் எங்க ஊரு மண்ணும்

மாசிக் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். மண்டைக்காட்டுல கொடைன்னா மணவாளக்குறிச்சி பெட்ரோல் பங்க்லயும் கூட்டம் நெரியும். அத்தானோட பைக்ல பின்னாடி உக்காந்து நானும் வரிசையில நின்னேன். அத்தான் பத்து வருஷம் சவுதியில இருந்தவர். அந்த சம்பாத்தியத்துல கீழ்மிடாலத்துல வீடு கட்டினவர். மீட்டர் ஓடறதையே பார்த்துட்டு இருந்தவர் பெருமூச்சு விட்டாரு.

"நான் அங்க இருந்தப்பம் குடிக்க தண்ணிய விட இது விலை குறைவு மக்கா. நம்ம ஊரு மண்ணுல கிடக்க தோரியத்த ஒழுங்கா எடுத்தா அரபிக்காரன் நம்மகிட்ட வந்து வரிசையில நிப்பான். எவன் எடுக்க விடுதான்?"

நான் ஒண்ணும் சொல்லலை. ஏன்னா காலேஜ் ஹாஸ்டல்ல இதே வசனத்தை நானே விட்டிருக்கேன். எங்க ஊர் மண்ணை வெச்சு இந்தியாவுக்கே பல நூறு வருஷம் கரண்ட் குடுக்கலாம், அரசியல்வாதிங்கதான் விடறதில்லைன்னு. மெக்கானிக்கல் பசங்க வாயைப் பொளந்து கேப்பானுங்க. உண்மையான்னு ஒரு நாள் கூட உக்காந்து பார்த்தது கிடையாது. இந்தத் தடவை திரும்பி வந்ததும், ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ரெண்டு வாரம் இதையே நோண்டிக்கிட்டு இருந்தேன். கிடைச்சது நான் நினைச்ச கதை இல்லை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க மக்களே.

ஊர் தெரியாதவங்களுக்கு: நாகர்கோவில்ல இருந்து கடலோரமா குளச்சல் போற வழியில மண்டைக்காட்டுக்கு முன்னாடி வர்ற ஊர் மணவாளக்குறிச்சி. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க திருவிதாங்கூர், அப்புறம்தான் தமிழ்நாடு. எங்க கடற்கரை மண்ணை ஒரு கை அள்ளினா அதுல ஒரே நிறம் இருக்காது. கருப்பா பளபளக்கறது இல்மனைட். செவப்பு கார்னெட். தேன் நிறத்துல அங்கங்க மின்னறது மோனசைட். மலைப் பாறை பல லட்சம் வருஷமா தேஞ்சு, வள்ளியாறு மாதிரி ஆறுங்க வழியா கடலுக்கு வருது. அலை லேசான மணலை இழுத்துட்டுப் போயிடும், கனமானது கரையில தங்கிடும். சின்ன வயசுல நாங்க காந்தத்தை மண்ணுல போட்டு உருட்டி, கருப்பு மீசை முளைச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு வர்றதை வெச்சு விளையாடுவோம். அந்த மோனசைட்லதான் தோரியம் இருக்கு. சுமார் 8 முதல் 10 சதவீதம் வரைக்கும் தோரியம் ஆக்சைடு. இதே மண்ணு இருக்கற பிரேசில்ல அது 5, 6 சதவீதம்தான்.

சரி, இந்த தோரியத்தை உலகம் எதுக்கு முதல்ல தேடிச்சு? அணுகுண்டுக்கு இல்லை. பெட்ரோமாக்ஸ் லைட்டுக்கு!

'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்துல கவுண்டமணி வாடகைக்கு விடற பெட்ரோமாக்ஸும், செந்தில் கையை வெச்சு உடைக்கற மேண்டிலும் தெரியாத தமிழன் கிடையாது. அந்த மேண்டில் வெறும் துணி இல்லைங்க. தோரியம் நைட்ரேட் கரைசல்ல முக்கி எடுத்த பை. முதல் தடவை கொளுத்தும்போது நூல் எரிஞ்சு போயிடும். மிச்சம் நிக்கறது தோரியம் ஆக்சைடு சாம்பல், அதோட ஒரு சதவீதம் சீரியம். அந்தச் சாம்பல் கூடுதான் சூட்டுல வெள்ளை வெளேர்னு ஒளிருது. சாம்பல்ங்கறதாலதான் செந்தில் தொட்டதும் உதிர்ந்துச்சு. கவுண்டமணி அடிச்சதுல அறிவியல் ரீதியா நியாயம் இருக்கு.

இதைக் கண்டுபிடிச்சவர் ஆஸ்திரியாக்காரர், கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். 1885ல முதல் முயற்சி, பச்சையா வெளிச்சம் வந்துச்சு, யாரும் வாங்கலை. 1891ல இந்த 99-க்கு-1 கலவையைப் பிடிச்சாரு. அப்ப ஐரோப்பிய நகரங்கள்ல தெருவிளக்கு நிலக்கரி வாயுவுல எரிஞ்சுட்டு இருந்த காலம். எடிசன் பல்பு வந்து அந்த வியாபாரத்தையே முழுங்கப் பார்த்துச்சு. இந்த மேண்டில்தான் இன்னும் சில பத்து வருஷத்துக்கு வாயு விளக்குக்கு உயிர் குடுத்துச்சு. கவனிக்க வேண்டியது என்னன்னா, அவங்க நாட்டு மண்ணுல தோரியம் பேருக்குத்தான். நார்வே, அமெரிக்காவோட கரோலைனா, அப்புறம் பிரேசில்னு வெளியில இருந்து வாங்கினாங்க. மண்ணு கையில இல்லை. செய்முறை கையில இருந்துச்சு. போதும்.

எங்க ஊர் இதுக்குள்ள வந்த விதம்தான் கூத்து. எங்க பக்கம் கதம்பலை (தேங்காய் மட்டைங்க, வெளியூர்க்காரங்களுக்காக) ஊறவெச்சு, அடிச்சு, தும்பு எடுத்து கயிறு முறுக்கறது பழைய தொழில். கடலோரத்துல செய்யற வேலை, கயித்துல மண்ணு ஒட்டாம இருக்குமா? அப்படி ஜெர்மனிக்குப் போன கயித்துல ஒட்டியிருந்த மண்ணை 1909ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியல்காரர் சோதிச்சுப் பார்த்தாரு. மோனசைட்! நாமளா இருந்தா கயித்தை உதறிட்டு, சரக்கு சுத்தமில்லைன்னு விலையைக் குறைச்சிருப்போம். அந்த மனுஷன் கயிறு எங்கிருந்து வந்துச்சுன்னு விசாரிச்சுக் கிளம்பி வந்துட்டாரு. 1910ல மணவாளக்குறிச்சியில மண்ணைப் பிரிக்கற ஆலை. அடுத்து கொல்லம் பக்கத்துல சவறாவுல ஒண்ணு. அந்தக் காலத்துல மோனசைட் வியாபாரத்தோட கடிவாளம் பெரும்பாலும் ஜெர்மன் கம்பெனிங்க கையில. லண்டன் தெருவுல எரியற விளக்குக்கு வேண்டிய சரக்கு, பிரிட்டிஷ்காரனுக்குக் கப்பம் கட்டற திருவிதாங்கூர்ல இருந்து ஜெர்மனி போய் சுத்திட்டு வந்துச்சு.

1914ல முதல் உலகப் போர். ஷோம்பர்க்கை ஜெர்மன் உளவாளின்னு சொல்லிப் பிடிச்சுட்டாங்க. ஆலை மூடினாங்க. லண்டன் காஸ்மோபாலிட்டன் மினரல் கம்பெனின்னு ஒண்ணு அதே வருஷம் உருவாகி ஆலைகளை எடுத்துக்கிச்சு. அதே 1914, செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து சுட்டது எதைன்னு ஞாபகம் இருக்கா? பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய் டாங்க். பெட்ரோமாக்ஸுக்கு ரெண்டு பாதி வேணும்: கீழ மண்ணெண்ணெய், மேல மேண்டில். ஒரே வருஷத்துல ஒரு ஜெர்மன்காரர் நம்ம கடற்கரையில மேல் பாதிக்காகப் பிடிபட்டாரு, இன்னொரு ஜெர்மன் கூட்டம் கீழ் பாதியைக் கொளுத்திட்டுப் போச்சு. நான் இதைப் படிச்சுட்டு ராத்திரி ஒரு மணிக்கு தனியா சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்தக் கீழ் பாதி கடைசி வரைக்கும் நம்முது கிடையாது. பர்மா, அமெரிக்கா, ரஷ்யான்னு வெளிச் சரக்கு. 1927ல ரஷ்ய மண்ணெண்ணெயை முன்வெச்சு அமெரிக்க ஸ்டாண்டர்ட் ஆயிலும் ராயல் டச்சு ஷெல்லும் விலையைக் குறைச்சுக் குறைச்சு அடிச்சுக்கிட்ட சண்டைக்கு ஆடுகளமே இந்தியாதான். 1942ல பர்மாவை ஜப்பான் பிடிச்சதும் மண்ணெண்ணெய்க்குத் திண்டாட்டம். எங்க பாட்டா அப்ப சின்னப் பையன். புன்னை எண்ணெய் விளக்குல உக்காந்து படிச்ச கதையை, புகையில மூக்கு கருத்துப் போன கதையை, கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு. "இங்க பாரு மக்களே, மண்ணள்ளி லாரியில போவுது, எண்ணெ வாங்க வரியில நிக்கோம்"னு கிண்டலாச் சொல்வாரு. அப்ப எனக்கு அதோட கனம் புரியலை.

*

மின்சாரம் பரவினதும் மேண்டில் மவுசு போச்சு. 1920கள்ல இருந்து வெள்ளை பெயின்டுக்காக இல்மனைட்தான் கப்பல் கப்பலாப் போச்சு. மோனசைட் ஓரமாக் கிடந்தது. அப்பதான் 1945, ஹிரோஷிமா.

ஒரே நாள்ல உலகத்துக்கு இந்த மண்ணு மேல மறுபடியும் கண்ணு. உண்மையில அதுக்கு முன்னாடியே. 1944லயே அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் சேர்ந்து உலகத்துல எங்கெல்லாம் யுரேனியம், தோரியம் இருக்கோ அதையெல்லாம் வளைச்சுப் போட ஒரு அமைப்பு வெச்சிருந்தாங்க. தோரியத்துக்கு அவங்க பட்டியல்ல ரெண்டு பேருதான் பெரிசு: பிரேசில், திருவிதாங்கூர். பிரேசில் 1945 ஜூலைலயே அமெரிக்காவோட ஒப்பந்தம் போட்டுடுச்சு.

இங்க இருந்தவர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். ஆளு கில்லாடி. மண்ணை சும்மா தரமாட்டேன்னு 1946ல ஏற்றுமதியை நிறுத்தினாரு. அப்புறம் பிரிட்டனோட பேரம்: மூணு வருஷத்துல 9,000 டன் மோனசைட், பதிலுக்கு அதைப் பதப்படுத்தற ஆலையை இங்கயே கட்டித் தரணும். சி.பி. மேல எத்தனையோ கோபம் நியாயமா இருக்கு, புன்னப்பிரா-வயலார் துப்பாக்கிச் சூட்டை யாரும் மறக்க முடியாது. ஆனா இந்த ஒரு நிபந்தனையில அந்த ஆளுக்கு விஷயம் புரிஞ்சிருந்ததுன்னு நினைக்கறேன். மண்ணு வேண்டாம், ஆலை வேணும்னு கேட்ட முதல் ஆள் அவர்தான். நேருவுக்கு இது பிடிக்கலை. அணு கனிமம் ஒரு சமஸ்தானத்தோட சொத்து இல்லை, நாட்டோடதுங்கறது அவர் கட்சி. 1947 ஜூன்ல சி.பி. திருவிதாங்கூர் தனி நாடுன்னு அறிவிச்சப்போ, அந்தக் கனவுக்குப் பின்னாடி இருந்த துருப்புச் சீட்டுல எங்க ஊரு மண்ணும் ஒண்ணு. ஜூலை 25ம் தேதி திருவனந்தபுரத்துல ஒரு சங்கீத விழாவுல அவரை வெட்டினாங்க. பிழைச்சுக்கிட்டாரு. அந்த மாசம் முடியறதுக்குள்ள திருவிதாங்கூர் இந்தியாவோட சேர சம்மதிச்சாச்சு. ஆகஸ்ட்ல சி.பி. மூட்டை கட்டினாரு.

ஏற்றுமதித் தடையை சுதந்திர இந்தியாவும் விடலை. 1948ல அணுசக்திச் சட்டம், ஹோமி பாபா தலைமையில அணுசக்தி கமிஷன். 1950ல இந்தியன் ரேர் எர்த்ஸ், ஊர்ல நாங்க சொல்ற 'மணல் கம்பெனி'யோட தாய். 1952 டிசம்பர்ல ஆலுவாயில மோனசைட்டைப் பதப்படுத்தற ஆலையை நேரு தொடங்கி வெச்சாரு. (மணவாளக்குறிச்சி ஆலை அவங்க கைக்கு வந்தது அறுபதுகள்ல.)

நடுவுல 1951. நாட்டுல பஞ்சம். இந்தியா அமெரிக்காகிட்ட 20 லட்சம் டன் கோதுமை கேட்டுச்சு. அமெரிக்க காங்கிரஸ்ல சில பேர், கோதுமை தர்றோம், மோனசைட் தடையை எடுங்கன்னாங்க. பசிச்சவன்கிட்ட பேரம். நேரு ஒத்துக்கலை. இழுத்தடிச்சு, கடைசியில அந்த நிபந்தனை இல்லாம 19 கோடி டாலர் கடனா கோதுமை வந்துச்சு. பாட்டா காலத்துல ரேஷன் கடையில வாங்கின கோதுமைக்கும் கடற்கரையில கிடந்த மண்ணுக்கும் இப்படி ஒரு முடிச்சு இருந்ததை நான் முப்பது வயசு நெருங்கும்போதுதான் தெரிஞ்சுக்கறேன். ஸ்கூல்ல சொல்லித் தந்திருக்கலாம்.

1953ல இன்னொண்ணு. இந்தியாவுல இருந்து ஒரு போலந்து கப்பல்ல சீனாவுக்குத் தோரியம் நைட்ரேட் போச்சு. அதாவது மேண்டில் சரக்கு. கம்யூனிஸ்ட் நாட்டுக்கு இதை வித்தா உதவியை நிறுத்தணும்ங்கறது அப்ப அமெரிக்கச் சட்டம். வாஷிங்டன் பதறி, ரெண்டு பக்கமும் பேசி ஒருவழியா அமுக்கினாங்க.

*

இந்தச் சண்டையெல்லாம் மேல நடந்துட்டு இருக்கும்போது கரையில வேற ஒண்ணு நடந்துச்சு. அதுதான் எனக்கு முக்கியமாப் படுது.

அதே 1953ல சவறா கடற்கரையை ஒட்டின நீண்டகரையில நார்வேக்காரங்க வந்து இறங்கினாங்க. இந்தோ-நார்வே மீன்பிடித் திட்டம். இன்ஜின் வெச்ச படகுல மீன் பிடிக்கறது எப்படின்னு கத்துக் குடுக்க. அப்ப நார்வேகிட்ட சொந்தமா எண்ணெய் கிடையாது, வடகடல்ல அவங்க எக்கோஃபிஸ்க் கண்டுபிடிச்சது 1969லதான். எங்க பக்கம் இன்ஜின் வர இன்னும் நாளாச்சு. பாய்மரமும் துடுப்பும்தான் எரிபொருள். எண்பதுகள் தொடக்கத்துல முட்டத்துல, கோட்டார் சமூக சேவை சங்கத்தோட படகு கட்டற இடத்துல, பெல்ஜியத்துல இருந்து வந்த பியர் ஜில்லேங்கற பொறியாளர் ஒட்டுப் பலகையில வள்ளம் செஞ்சாரு. கட்டுமரத்துக்கு நல்ல மரம் கிடைக்காமப் போன காலம், அதனால ஜனங்க ஏத்துக்கிட்டாங்க. கூடவே பின்னாடி மாட்டற ஜப்பான் இன்ஜின். பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தணும்.

முட்டம், கடியபட்டணம், சின்னவிளை, பெரியவிளைன்னு கரை முழுக்க ஒரே தலைமுறையில காத்துல ஓடின தொழில் எண்ணெயில ஓட ஆரம்பிச்சுது. குறை சொல்லலை. தூரம் போனாங்க, மீன் கிடைச்சுது, பிள்ளைங்க படிச்சுது. ஆனா இனிமே கடலுக்குப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்றதுல காத்தோட சேர்ந்து மண்ணெண்ணெய் விலையும் உக்காந்துக்கிச்சு. தமிழ்நாட்டுல மீனவர்களுக்கு மானிய மண்ணெண்ணெய் உண்டு. அதை எல்லை தாண்டி கேரளாவுக்குக் கடத்தி மாட்டின செய்தி குமரி மாவட்டப் பேப்பர்ல அடிக்கடி வரும். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. நாட்டுக்கு நாடு எண்ணெய் விலை ஏன் மாறுதுன்னு படிக்க வெளிநாடு போக வேண்டாம், களியக்காவிளை செக்போஸ்ட்ல ஒரு டீ குடிச்சாப் போதும். எண்ணெய் விலையில பெரிய பங்கு வரி. வரி யாரு எவ்வளவு போடறாங்கங்கறதுதான் விலை. நார்வே இன்னிக்கு எண்ணெய் ஏற்றுமதி பண்ற நாடு, ஆனா அங்க பங்க்ல நம்மளை விட விலை கூட. அத்தான் இருந்த சவுதியில அரசாங்கமே விலையை அழுத்தி வெச்சிருந்துச்சு. ரெண்டு பேர் கையிலயும் எண்ணெய் இருக்கு, விலை மட்டும் ரெண்டு துருவம்.

1973ல அரபு நாடுகள் குழாயை இறுக்கினப்போ கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் சுமார் 3 டாலர்ல இருந்து 12 டாலர் கிட்ட ஏறிச்சு. வாஜ்பாய் மாட்டு வண்டியில பார்லிமென்ட் போனது அந்த நவம்பர்லதான். அந்த அடிக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி திரும்பிச்சு. பிரான்ஸ் 1974ல அணு உலைங்களை வரிசையாக் கட்ட முடிவெடுத்துச்சு. இன்னிக்கு அவங்க மின்சாரத்துல மூணுல ரெண்டு பங்கு அதுலதான். அவங்க கடைசி யுரேனியம் சுரங்கத்தை 2001ல மூடியாச்சு, எல்லாம் வாங்கற சரக்கு. நம்ம மாதிரியே மோனசைட் கரை வெச்சிருக்கற பிரேசில் 1975ல கரும்புல இருந்து எத்தனால் எடுத்து காருக்கு ஊத்த ஆரம்பிச்சுது. நமக்கு 1974ல பம்பாய் ஹை கிடைச்சது அதிர்ஷ்டம். எண்பதுகள் நடுவுல தேவையில கிட்டத்தட்ட 70 சதவீதம் நம்ம எண்ணெயே. அப்புறம் வண்டி பெருத்துச்சு, கிணறு பெருக்கலை. இன்னிக்கு நூத்துக்கு 85க்கு மேல இறக்குமதி. இத்தனைக்கும் ஆளுக்கு இவ்வளவுன்னு பார்த்தா நாம எரிக்கறது கொசுறு. ஒரு அமெரிக்கருக்கு வருஷம் 21 பீப்பாய் கிட்ட, நமக்கு ஒன்றரைக்கும் கீழ.

*

இப்ப அத்தான் கேள்விக்கு வர்றேன். தோரியம் எங்க போச்சு?

முதல் சிக்கல்: தோரியம் தானா எரியாது. ஈர விறகு மாதிரி. பக்கத்துல வேற நெருப்பு வெச்சு, அதுல காய்ஞ்சு, யுரேனியம்-233ன்னு மாறின பிறகுதான் எரியும். இது பாபாவுக்கு நல்லாவே தெரியும். அதனாலதான் 1954ல மூணு கட்டத் திட்டம் சொன்னாரு. முதல்ல இருக்கற கொஞ்சம் யுரேனியத்தை எரிச்சு புளூட்டோனியம் எடு. அதை வேக உலையில போட்டுப் பெருக்கு. அப்புறம் தோரியம். கணக்கு அழகா இருக்கு. ஆனா ரெண்டாவது படியிலயே நாம நிக்கறோம். கல்பாக்கத்துல 500 மெகாவாட் வேக உலை கட்ட ஆரம்பிச்சது 2004, முடிக்கறதாச் சொன்னது 2010, எரிபொருள் நிரப்பற வேலையைத் தொடங்கினது 2024 மார்ச். என் புராஜெக்ட் மேனேஜர் இதைப் பார்த்தா எங்க டெலிவரியைப் பத்தி இனி வாயே திறக்க மாட்டாரு.

யுரேனியம்-233 எரிக்கற உலை நம்மகிட்ட ஒண்ணு இருக்கு. கல்பாக்கத்துல 'காமினி', 1996ல இருந்து. வெப்ப சக்தி 30 கிலோவாட். பழைய மாருதி 800 இன்ஜின் கிட்டத்தட்ட 28 கிலோவாட். ஆராய்ச்சிக்கான உலை, மின்சாரம் எடுக்கறது அதோட வேலை இல்லை, கேலி பண்ணக் கூடாதுதான். ககரபார் உலையில கொஞ்சம் தோரியம் வெச்சுப் பார்த்ததும் உண்டு. ஆனா நாட்டுல ஒரு கோடி டன்னுக்கு மேல மோனசைட் இருக்குன்னு கணக்கு சொல்ற நாம, எழுபது வருஷத்துல வந்து நிக்கற இடம் இது. மணவாளக்குறிச்சியில இருந்து பைக்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள கூடங்குளம். ஆயிரம் மெகாவாட் உலை ரெண்டு ஓடுது. எரிபொருள் ரஷ்யாவுல இருந்து வருது.

ரெண்டாவது சிக்கல் இன்னும் எளிசு, ஹாஸ்டல்ல எனக்கு ஏன் தோணலைன்னு வெக்கமா இருக்கு. தோரியம் நாளைக்கே எரிஞ்சாலும் அது மின்சாரம். அத்தான் பைக்குக்கு வேண்டியது பெட்ரோல். நம்ம மின்சாரத்துல பெரும் பங்கு நிலக்கரியில வருது, அணு மின்சாரம் 3 சதவீதம் கிட்ட. தோரியம் வந்தா இடம் விட வேண்டியது நிலக்கரி. அரபிக்காரர் நிம்மதியாத் தூங்கலாம். வண்டி எல்லாம் பேட்டரியில ஓடினாத்தான் கதை மாறும்.

அங்கதான் மண்ணு மூணாவது தடவை திரும்புது. மோனசைட்ல தோரியம் போக மிச்சம் இருக்கற அருமண் தனிமங்கள் அந்தக் காலத்துல கழிவு. ஆலைக்குப் பின்னாடி குவிஞ்சு கிடந்துச்சு. அதே வெல்ஸ்பாக்தான் அந்தக் குப்பையில இருந்து 1903ல சிகரெட் லைட்டர் கல்லு பண்ணினாரு. இன்னிக்கு அந்தக் குப்பைதான் தங்கம். அதுல இருக்கற நியோடிமியம் இல்லாம மின்சார வண்டி மோட்டார்ல நல்ல காந்தம் செய்யறது கஷ்டம். எதுக்காக ஷோம்பர்க் கப்பலேறி வந்தாரோ அந்தத் தோரியம் இப்ப பிரிச்சு எடுத்து, தேவைப்படும்னு கிடங்குல பூட்டி வெக்கற பொருள். உலகத்துல அருமண்ணைச் சுத்திகரிக்கறதுல பத்துல ஒன்பது பங்கு சீனா கையில. 2025 ஏப்ரல்ல அவங்க சில வகையையும் காந்தத்தையும் கட்டுப்படுத்தினதும், இங்க கார் கம்பெனிங்க கையைப் பிசைஞ்சுது. 2012 ஒப்பந்தப்படி ஜப்பானுக்குப் போயிட்டு இருந்ததை நிறுத்தச் சொன்னதா அந்த ஜூன்ல செய்தி வந்துச்சு. நம்மகிட்ட மண்ணு இருக்கு, அதைக் காந்தமா மாத்தற தொழிற்சாலை பெரிசா இல்லை. 1910ல ஜெர்மனி இருந்த நாற்காலியில இப்ப சீனா. நாம அதே நாற்காலிதான்.

கரையில இருக்கறவங்களுக்கு இதுல என்ன? கிள்ளியூர் தாலுகாவுல மிடாலம், கீழ்மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பக்கம் சுமார் 1,144 ஹெக்டேர்ல மண்ணெடுக்க ஐ.ஆர்.இ. திட்டம். 2024 அக்டோபர் 1ம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம்னு அறிவிச்சு, எதிர்ப்பு கிளம்பினதும் தள்ளி வெச்சாங்க. ஜனங்களுக்குப் பயம் ரெண்டு. ஒண்ணு கதிர்வீச்சு, கேன்சர். இயற்கையாவே கதிர்வீச்சு கூடின கருநாகப்பள்ளியில பல வருஷம் நடத்தி 2009ல வெளிவந்த ஆய்வு, அதனால கேன்சர் கூடினதாத் தெரியலைன்னு சொல்லுது. வீட்டுக்கு வீடு ஒரு கேன்சர் கதை வெச்சிருக்கற கரையில இதைச் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, நானும் வாதாடப் போறதில்லை. ரெண்டாவது பயம் கடல். 2004 சுனாமியில கொட்டில்பாடு, குளச்சல், எங்க ஊர்ல என்ன நடந்துச்சுன்னு பார்த்தவங்க, கரையில இருக்கற மண் மேடு போயிட்டா நாளைக்கு எது தடுக்கும்னு கேக்கறாங்க. இந்தக் கேள்விக்கு ஒரு கூட்டம் போட்டாவது பதில் சொல்லியிருக்கணும். 2025 செப்டம்பர்ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணு கனிமம், முக்கிய கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பே தேவையில்லைன்னு உத்தரவு போட்டுடுச்சு.

போன ஞாயித்துக்கிழமை அத்தானுக்கு போன் பண்ணி இதையெல்லாம் ஒரு மூச்சு சொன்னேன். பொறுமையாக் கேட்டாரு.

"அப்பம் பெட்ரோல் விலை குறையாது."

"குறையாது அத்தான்."

"பின்ன எதுக்குல அள்ளுதானுவ?"

கார் மோட்டார் காந்தத்துக்குன்னேன். கொஞ்ச நேரம் சத்தத்தையே காணும். அப்புறம், அந்த 1,144 ஹெக்டேர்ல கீழ்மிடாலத்துல எந்தெந்த சர்வே நம்பர் வருதுன்னு நெட்ல பார்த்துச் சொல்ல முடியுமான்னு கேட்டாரு. பட்டா நம்பரை அக்கா வாட்ஸப்ல அனுப்பியிருக்கா. தேடிக்கிட்டு இருக்கேன்.